அறியாத நிலத்தில் காட்டு வான்கோழி வேட்டை: மிசூரி மாநில ஓசார்க் காடுகளின் இளவேனிற் பருவம்

காட்டு வான்கோழி வேட்டை என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநில அரசுகளின் உரிமத்துடன் நடைபெறும் பருவகால வேட்டைகளுள் ஒன்றாகும். இளவேனிற் காலத்து வேட்டையில் பறவையைத் துரத்திச் செல்வதில்லை. இணை தேடும் சேவலைப் பெட்டையின் குரலால் அழைத்து, மறைந்திருக்கும் இடத்துக்கு அருகே வரவழைத்துச் சுடுகின்றனர். எனவே துப்பாக்கியைக் கையாளும் திறனைவிட, பறவையின் பழக்கமும் நிலத்தின் அமைப்பும் தெரிந்திருப்பதே இதில் முதன்மையானது. முன்பின் பார்த்திராத காட்டில் வேட்டையாடச் செல்பவர் அந்த அறிவை ஓரிரு நாள்களில் பெற வேண்டியுள்ளது. அது எவ்வாறு பெறப்படுகிறது என்பதை மிசூரி மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள ஓசார்க் மலைக்காடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவின் நடைமுறை வேறு. அங்கு எந்த இனத்தை, எந்த நாள்களில், எத்தனை எண்ணிக்கையில் வேட்டையாடலாம் என்பதை மாநில அரசுகள் ஆண்டுதோறும் வரையறுக்கின்றன.

பறவையின் இயல்பு

காட்டு வான்கோழியின் அறிவியல் பெயர் மெலியாகிரிஸ் கேலோபாவோ. இது மயில், கவுதாரி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பண்ணைகளில் வளர்க்கப்படும் வான்கோழியும் இதே இனமே. மெக்சிகோ பகுதியின் பழங்குடி மக்கள் பழக்கிய பறவைகளின் வழித்தோன்றலே பண்ணை வான்கோழி. ஆனால் பண்ணைப் பறவையைப் பார்த்துக் காட்டுப் பறவையை மதிப்பிட இயலாது. காட்டு வான்கோழி நன்றாகப் பறக்கும், வேகமாக ஓடும், இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் அடையும்.

ஓசார்க் காடுகளில் வாழ்வது கிழக்கத்திய துணையினம். முதிர்ந்த சேவல் ஏறத்தாழ 8 முதல் 11 கிலோ எடை இருக்கும். பெட்டை அதில் பாதி அளவே இருக்கும். சேவலின் மார்பிலிருந்து கருமையான மயிர்க்கற்றை போன்ற ஒன்று தொங்கும். இதைத் தாடி என்பர். காலின் பின்புறம் முள் உண்டு. இறகில்லாத தலை, பறவையின் மனநிலைக்கேற்பச் சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் மாறும்.

வான்கோழிக்கு மோப்பத் திறன் குறைவு. அதை ஈடுசெய்வது போலக் கண்பார்வையும் செவித்திறனும் மிகக் கூர்மையானவை. கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலேயே சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். நிறங்களையும் பிரித்தறியும். வேட்டைக்காரர் முகம், கை உட்பட உடல் முழுவதையும் காட்டின் நிறத்தில் மறைத்துக்கொள்வதும், அசையாமல் அமர்ந்திருப்பதும் இதனால்தான்.

இளவேனிலில் வேட்டை ஏன்?

மிசூரியில் இப்பருவம் ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி 3 வாரம் நீடிக்கிறது. இது இனப்பெருக்கக் காலத்துக்குள் அமையும் வேட்டை. இனப்பெருக்கக் காலத்தில் வேட்டையாடினால் இனம் அழியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். விடை, பறவையின் வாழ்க்கை முறையில் உள்ளது. ஒரு சேவல் பல பெட்டைகளுடன் இணைகிறது. அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ சேவலுக்குப் பங்கில்லை. பெட்டை மட்டும் 10 முதல் 12 முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கிறது. ஆகவே இணைசேர்தல் பெருமளவு முடிந்தபின் சில சேவல்களை எடுப்பது அடுத்த தலைமுறையைப் பெரிதாகப் பாதிக்காது என்பதே இப்பருவத்தின் அடிப்படை.

சட்டம் ‘சேவல் அல்லது தாடி தெரியும் பறவை’ என்று கூறுகிறது. பெட்டைகளில் சிலவற்றுக்கும் தாடி இருப்பதே இந்தச் சொல்லாட்சிக்குக் காரணம். தாடியுள்ள பெட்டையைச் சுடுவது குற்றமாகாவிட்டாலும், அனுபவமுள்ளோர் அதை விட்டுவிடுகின்றனர். அது கூட்டில் முட்டையிடும் பறவையாக இருக்கலாம்.

அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட பறவை

காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டு வான்கோழி பல மாநிலங்களில் முற்றிலும் மறைந்துவிட்டது. மிசூரியில் 1952-இல் 2,500-க்கும் குறைவான பறவைகளே எஞ்சியிருந்தன.

முதலில் பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர். தாய்ப்பறவையிடம் காட்டு வாழ்க்கையைக் கற்காத அவை பிழைக்கவில்லை. பின்னர், தீனியைத் தூவிக் காட்டுப் பறவைகளை ஓரிடத்தில் கூடச்செய்து, வெடிவிசையால் பாயும் பெரிய வலையை அவற்றின்மீது வீசிப் பிடிக்கும் முறை 1950-களில் பரவியது. இவ்வாறு பிடித்த பறவைகளை வேறு காடுகளில் விட்டபோது அவை நிலைத்துப் பெருகின. மிசூரியில் இப்பணி 1954-இல் தொடங்கியது.

1960-இல் அம்மாநிலம் தன் முதல் நவீன இளவேனிற் பருவத்தை 14 மாவட்டங்களில் 3 நாள் மட்டும் நடத்தியது. அதில் வீழ்ந்த பறவைகள் 94. 2004-ஆம் ஆண்டின் இளவேனிலில் அதே மாநிலத்தில் வீழ்ந்தவை 60 ஆயிரத்தைத் தாண்டின. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் கூட்டாட்சி வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டமும் இம்மீட்சிக்குத் துணைநின்றது. இன்று அலாஸ்கா தவிர்த்த 49 மாநிலங்களிலும் வான்கோழி வேட்டைப் பருவம் உண்டு.

எல்லையும் விதிகளும்

ஓசார்க் பகுதியில் மார்க் டுவெய்ன் தேசியக் காடு ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர் பரப்புள்ளது. பொதுமக்கள் வேட்டையாட அனுமதியுள்ள நிலம் இது. ஆனால் ஒரே தொடர்ச்சியான காடு அன்று; இடையிடையே தனியார் நிலங்கள் கலந்து கிடக்கின்றன. எனவே புதிதாக வருபவர் முதலில் அறிய வேண்டியது பறவை எங்கே என்பதையன்று, எல்லை எங்கே என்பதையே.

மிசூரியில் மரத்திலோ வேலிக்கம்பத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்தாகப் பூசப்பட்ட கோடு, ‘அனுமதியின்றி நுழையாதே’ என்ற அறிவிப்புப் பலகைக்குச் சமம். இது 1993 முதல் சட்டத்தில் உள்ளது. வெளியூரிலிருந்து வருபவர் இதை ஏதோ மரம் வெட்டுவோர் இட்ட குறி என்று எண்ணிக் கடந்துவிட்டால் அத்துமீறல் ஆகிவிடும். சேவல் எல்லைக்கு அப்பால் கூவினால், அதை இப்பால் அழைக்க முயலலாம், அப்பால் செல்லக்கூடாது.

ஏனைய முதன்மை விதிகள் வருமாறு:

• வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னர் தொடங்கும். பொது நிலத்தில் பிற்பகல் 1 மணிக்கு முடியும்.
• பருவம் முழுவதற்கும் ஒருவருக்கு 2 பறவைகள் மட்டுமே. முதல் வாரத்தில் 1 மட்டுமே.
• தீனி தூவி வேட்டையாடக்கூடாது. தூவிய தீனியை முழுவதும் அகற்றிய பின்னரும் 10 நாள்கள் அந்த இடத்தில் வேட்டையாட இயலாது.
• மின்னணு ஒலிக்கருவிகளும் உயிருள்ள பார்வைப் பறவைகளும் தடைசெய்யப்பட்டவை.
• ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கி, வில் போன்றவற்றுக்கே அனுமதி. நெடுந்தொலைவு பாயும் ரைஃபிளுக்கு அனுமதியில்லை.
• தேசியக் காட்டில் வீடு, கூடாரமிடும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கெஜத் தொலைவுக்குள் சுடக்கூடாது.

விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படிப்பது வேட்டைக்காரரின் கடமையாகும்.

நிலத்தை அறிதல்

வரைபடம்: அறியாத நிலத்தில் நடைபெறும் வேட்டை வீட்டு மேசையிலேயே தொடங்குகிறது. சமவுயரக் கோடுகள் கொண்ட நில வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றனர். நீண்ட மலைமுகடுகள், அவற்றிலிருந்து கிளைக்கும் சரிவுகள், ஓடைகள், காட்டினிடையே உள்ள புல்வெளிகள், கைவிடப்பட்ட மரம்வெட்டுப் பாதைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். வான்கோழி முகடுகளின் மேற்புறச் சரிவுகளிலும் ஓடையோரங்களிலும் உள்ள பெரிய மரங்களில் அடைவதுண்டு. திறந்தவெளிகளில் சேவல் சிறகையும் வாலையும் விரித்து ஆடும். ஆகவே அடையும் இடம், ஆடும் இடம், அவற்றை இணைக்கும் நடைவழி ஆகிய மூன்றையும் ஓரளவு வரைபடத்திலேயே ஊகித்துவிடலாம். ஆளில்லாத இடம் வேண்டுமெனில், வாகன நிறுத்தத்திலிருந்து தொலைவிலோ செங்குத்தான ஏற்றத்துக்கு அப்பாலோ உள்ள முகடுகளைத் தேர்வது வழக்கம்.

தடயம்: வேட்டைக்கு முதல்நாள் பகலில் அந்த இடங்களை நடந்து பார்க்கின்றனர். வீட்டுக்கோழி குப்பையைச் சீய்ப்பது போலவே வான்கோழியும் ஓக் மரச் சருகுகளைச் சீய்த்து, கொட்டைகளையும் பூச்சிகளையும் தின்னும். சீய்த்த இடத்தில் மண் ஈரமாகத் தெரிந்தால் அது அண்மைக்காலத் தடம். சேவலின் எச்சம் கொக்கி போல ஒருமுனை வளைந்து நீளமாக இருக்கும். பெட்டையின் எச்சம் சுருண்டு குவியலாக இருக்கும். ஆடும்போது இறக்கையின் நுனி தரையில் உரசுவதால் மண்பாதையில் கால்தடத்தின் இருபுறமும் கோடுகள் விழும். பறவைகள் புழுதியில் புரண்ட பள்ளங்களும் உதிர்ந்த இறகுகளும் பிற சான்றுகள்.

மாலைச் செவியூட்டம்: முதல்நாள் மாலை இருட்டும் வேளையில் உயரமான முகட்டில் நின்று கேட்பது மிகவும் பயனுள்ளது. அடைவதற்காகப் பறவை மரமேறும்போது பெரிய இறக்கைகள் கிளைகளில் மோதும் ஓசை எழும். வேட்டைக்காரர் ஆந்தை போலவோ காகம் போலவோ குரல் கொடுப்பார். திடீரென எழும் உரத்த ஒலிக்குச் சேவல் தன்னையறியாமல் கூவிவிடும். கூவல் வந்த மரத்தின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு ஓசையின்றித் திரும்பிவிடுவர்.

அழைப்புக் கருவிகளும் பொம்மைப் பறவையும்

மூன்று வகைக் கருவிகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவது பெட்டிக் கருவி. மரப்பெட்டியின் விளிம்பில் மூடியை உரசினால் பெட்டையின் குரல் எழும். ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாவது, சிலேட்டுக் கல் அல்லது கண்ணாடி வட்டின்மீது சிறு குச்சியை உரசும் கருவி. மூன்றாவது, மெல்லிய இரப்பர்ச் சவ்வை வாய்க்குள் மேலண்ணத்தில் பொருத்தி ஊதுவது. இதில் கைகள் அசையாமல் இருக்கும் என்பதால் பறவை அருகில் வந்தபின் இதுவே ஏற்றது. அமெரிக்கப் பழங்குடியினர் வான்கோழியின் இறக்கை எலும்பையே ஊதுகுழலாகப் பயன்படுத்தினர்.

பெட்டை போன்ற பொம்மையைத் தரையில் நட்டு வைப்பதும் உண்டு. பறவையையோ விலங்கையோ காட்டி அதன் இனத்தை ஈர்க்கும் முறை தமிழருக்குப் புதிதன்று. அவ்வாறு வைக்கப்படும் உயிரியைப் ‘பார்வை’ என்று பழந்தமிழ் குறிப்பிடுகிறது. இங்கே அதன் இடத்தில் பொம்மை நிற்கிறது.

இவ்வேட்டையின் கடினம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயற்கையில் சேவல் கூவும். பெட்டைதான் சேவலைத் தேடிச் செல்லும். வேட்டைக்காரரோ பெட்டையின் குரலில் அழைத்து, சேவலைத் தம்மிடம் வரச்செய்கிறார். அதாவது இயல்பான முறைக்கு எதிர்த்திசையில் பறவையை நடக்கச் செய்கிறார். அதனால் மிகுதியாக அழைத்தால், பெட்டை வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிச் சேவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். குறைவாக அழைத்துப் பின் அமைதியாக இருப்பதே பல வேளைகளில் அதை அசையச் செய்கிறது.

வெற்றிபெறும் ஒரு காலைப்பொழுது

ஏப்ரல் பிற்பகுதியில் ஓசார்க் பகுதியில் சூரியன் ஏறத்தாழ 6.20 மணிக்கு உதிக்கிறது. வேட்டைக்காரர் அதற்கு ஒரு மணிநேரத்துக்கும் முன்னரே, முதல்நாள் கண்ட வழியாக இருளில் நடந்து, சேவல் அடைந்த மரத்திலிருந்து 100 முதல் 150 மீட்டர் தொலைவில் அமர்கிறார். அதைவிட நெருங்கினால் பறவை ஓசையை அறிந்துவிடும்.

அமரும் இடத்தைத் தேர்வதில்தான் நிலத்தை அறிந்ததன் பயன் வெளிப்படுகிறது. சேவலுக்கும் தமக்கும் இடையே ஓடை, கம்பிவேலி, ஆழ்ந்த பள்ளம், அடர்ந்த புதர் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார். பறந்து கடக்கக்கூடிய தடையாயினும், அதன் முன்னே வந்து நின்றுவிடுவது சேவலின் வழக்கம். அந்த நிலத்தில் பழகியவருக்கு ஓடை எங்கே என்று தெரியும். புதியவரோ முதல்நாள் நடந்திராவிட்டால், வேட்டை முறிந்த பின்னரே அதை அறிவார்.

விடியும்போது மரத்தில் சேவல் கூவுகிறது. மெல்லிய குரலில் ஓரிரு முறை அழைப்பு விடுக்கப்படுகிறது. சேவல் விடை தருகிறது. சற்று நேரத்தில் இறங்குகிறது. ஆனால் அதனுடன் அடைந்திருந்த பெட்டைகளும் இறங்கி அதைச் சூழ்ந்துகொள்கின்றன. கூட்டம் எதிர்த்திசையில் நகர்கிறது. காடு அமைதியாகிறது.

இந்த நேரத்தில் பலர் எழுந்து வேறிடம் செல்கின்றனர். அனுபவமுள்ளவர் காத்திருக்கிறார். காலை 9 மணிக்குமேல் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடவோ அடைகாக்கவோ கூடுகளுக்குச் சென்றுவிடும். தனித்துவிடப்பட்ட சேவல், விடியலில் கேட்ட குரலை நினைவில் வைத்து அந்த இடத்தைத் தேடிவருவதுண்டு. அப்போது அது கூவாமலேயே வரலாம். சருகின்மேல் நடக்கும் ஓசையோ, சிறகு விரிக்கும்போது எழும் ‘உம்ம்’ என்ற தாழ்ந்த அதிர்வோ மட்டுமே முன்னறிவிப்பு.

பறவை மரத்தின் பின்னால் மறையும்போது மட்டுமே துப்பாக்கி உயர்கிறது. ஏறத்தாழ 35 மீட்டருக்குள் வந்து, சிறகை மடக்கித் தலையை நிமிர்த்தும்போது தலையையும் கழுத்தையும் குறிவைத்துச் சுடுகின்றனர். தொலைவை ஊகிப்பதில் பிழை நேராமலிருக்க, அமரும்போதே குறிப்பிட்ட மரங்களை அளந்து அடையாளம் வைத்துக்கொள்கின்றனர். எட்டாத தொலைவில் சுட்டால் பறவை காயத்துடன் தப்பிக் காட்டில் மெல்ல மடியும். அவ்வாறு சுடாமல் இருப்பதும் வெற்றியின் ஒரு பகுதியே.

பாதுகாப்பு

முழு உருமறைப்பு உடையணிந்து, பறவையின் குரலை எழுப்பிக்கொண்டு, பொம்மைப் பறவைக்கு அருகே அமர்ந்திருக்கும் மனிதரை மற்றொரு வேட்டைக்காரர் பறவையென்று தவறாக எண்ணிவிடக்கூடும். இதுவே இவ்வேட்டையின் பெரிய ஆபத்து. அறியாத பொது நிலத்தில் அது மேலும் கூடுகிறது. யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது தெரியாது. இதனால் கற்பிக்கப்படும் விதிகள்:

• தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து அமர வேண்டும்.
• சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகியவை உடையிலோ கைக்குட்டையிலோ இருக்கக்கூடாது.
• கூவல் கேட்கும் திசையில் பதுங்கிச் செல்லக்கூடாது. அக்குரல் ஒரு மனிதர் எழுப்பியதாக இருக்கலாம்.
• இன்னொருவர் வருவதைக் கண்டால் கையசைக்கக்கூடாது. உரத்த குரலில் பேசித் தம்மை அறிவிக்க வேண்டும்.
• ஓசையையோ அசைவையோ கண்டு சுடக்கூடாது. பறவை முழுவதும் தெரிந்து, தாடியைக் கண்டபின்னரே விரலைக் கொண்டுசெல்ல வேண்டும்.
• வீழ்ந்த பறவையை ஒளிர் செம்மஞ்சள் நிறத் துணியில் சுற்றியே சுமந்து வர வேண்டும்.

மிசூரியில் 1967 சனவரி 1-ஆம் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் உரிமம் பெறுவதற்குப் பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். துப்பாக்கி தவிர, உண்ணிகளும் நச்சுப்பாம்புகளும் கவனத்துக்குரியவை. செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வது புதிய நிலத்தில் இன்றியமையாதது.

வேட்டைக்குப் பின்

வீழ்த்திய உடனே உரிமத்தில் அதைப் பதிவு செய்து, அன்றிரவு 10 மணிக்குள் மாநிலக் காட்டுயிர்த் துறைக்குத் தொலைபேசி அல்லது இணையம் வழியே தெரிவிக்க வேண்டும். இவ்விவரங்களே அடுத்த ஆண்டின் விதிகளை வகுக்க உதவுகின்றன. கால் முள்ளின் நீளத்தைக் கொண்டு வயதை மதிப்பிடுவர். ஓராண்டு நிரம்பிய இளஞ்சேவலுக்குச் சிறு குமிழ் மட்டுமே இருக்கும்; 2 சென்டிமீட்டரைத் தாண்டிக் கூர்மையாக வளைந்திருந்தால் முதிர்ந்த பறவை.

இளவேனிற் பகலில் வெப்பம் ஏறுவதால் குடலை விரைவில் அகற்றி இறைச்சியைக் குளிர்விக்க வேண்டும். நெஞ்சுக்கறி மென்மையானது. காலும் தொடையும் ஓடிப் பழகிய தசை என்பதால் நெடுநேரம் வேகவைக்கப்படுகின்றன. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது சட்டப்படி குற்றம்.

மீண்டும் எழும் கவலை

2000-களின் நடுப்பகுதிக்குப் பின் மிசூரியிலும் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும் வான்கோழியின் எண்ணிக்கை குறைந்துள்ளது. ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சுகள் கோடைவரை பிழைக்கின்றன என்ற விகிதம் வீழ்ந்திருப்பது இதன் முதன்மை அடையாளம். குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சிகள் நிறைந்த புல்வெளிகள் குறைதல், முட்டை தின்னும் ரக்கூன் போன்ற விலங்குகள், அடைகாக்கும் காலத்து மழை எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன.

பருவம் மிக முன்னதாகத் தொடங்கி, இணைசேர்தல் முடியும் முன்னரே முதன்மைச் சேவல்கள் வீழ்கின்றனவா என்பதும் அவற்றுள் ஒன்று. டென்னசி மாநிலம் 2023-இல் தன் பருவத்தின் தொடக்கத்தை இரு வாரம் தள்ளிவைத்தது. சில மாநிலங்கள் ஒருவர் எடுக்கக்கூடிய எண்ணிக்கையையும் குறைத்துள்ளன.

புதிய நிலத்துக்கு வருபவர் அங்கு எத்தனை பறவைகள் உள்ளன என்பதை உள்ளூர்க்காரரைப் போல அறிந்திருக்கமாட்டார். ஒரு முகட்டில் ஒரே ஒரு சேவலின் கூவல் மட்டும் கேட்டால், அது அந்த முகட்டின் கடைசிச் சேவலாகவும் இருக்கலாம். அதனால் இளஞ்சேவல்களையும் தாடியுள்ள பெட்டைகளையும் விட்டுவிடுவது, ஒரு பறவை கிடைத்ததும் அந்த இடத்தை விட்டு நீங்குவது ஆகிய பழக்கங்களைச் சட்டம் கேட்காவிட்டாலும் பலர் கடைப்பிடிக்கின்றனர். 1960-இல் 94 பறவைகளுடன் தொடங்கிய பருவம் தொடர்ந்து நடைபெறுவது அவ்வாறு விட்டுவைக்கப்படும் பறவைகளையும் பொறுத்ததே.